முடி பிடுங்கும் நோய்: மருந்துச் சோதனையில் சேரலாமா?

(இரண்டாம் ஆண்டு எலக்ட்ரானிக்ஸ் மாணவி)



மலர்க் குழுவினர் கட்டுரை கேட்டு வந்தபோது செயற்கைக்கோள், ரோபோ, சூரிய சக்தி எல்லாவற்றையும் மற்றவர்கள் முன்பதிவு செய்துவிட்டார்கள். ‘உன் தலையில் இருப்பதை எழுது’ என்று விளையாட்டாகச் சொன்னார்கள். நான் அதை அப்படியே எடுத்துக்கொண்டேன். தலையில் இருப்பது முடி. அந்த முடியைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. சிரித்துவிட்டுப் பக்கத்தைத் திருப்பிவிடாமல் கடைசி வரை படியுங்கள். உங்களில் யாரோ ஒருவருக்கு இது தேவைப்படும்.

இது என்ன நோய்?

சிலர் தங்கள் தலைமுடியை, புருவத்தை, கண் இமை முடியைத் தாங்களே பிடுங்கிக்கொண்டே இருப்பார்கள். நிறுத்த வேண்டும் என்றுதான் நினைப்பார்கள். ஆனால் கை கேட்காது. இதற்கு ‘ட்ரைக்கோடில்லோமேனியா’ என்று பெயர். 1889-ஆம் ஆண்டில் அலோப்போ என்ற பிரெஞ்சு தோல் மருத்துவர் வைத்த பெயர். கிரேக்க மொழியில் ‘த்ரிக்ஸ்’ என்றால் முடி. ‘டில்லெய்ன்’ என்றால் பிடுங்குதல். ‘மேனியா’ என்றால் பைத்தியம். கடைசிச் சொல் மட்டும் பொருந்தாது. இது பைத்தியம் அல்ல. மனநல மருத்துவத்தில் இதை இப்போது எண்ணச் சுழற்சி நோயோடு தொடர்புடைய கோளாறுகளின் வரிசையில் வைத்திருக்கிறார்கள்.

நூறு பேரில் ஒருவர் அல்லது இருவருக்கு இது இருக்கிறது என்பது கணக்கு. நம் வகுப்பில் 60 பேர். பெருக்கிப் பார்த்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் 10 முதல் 13 வயதுக்குள் தொடங்கும். சிலர் படிக்கும்போதோ டி.வி. பார்க்கும்போதோ தெரியாமலே பிடுங்குவார்கள். சிலர் மனம் இறுக்கமாக இருக்கும்போது, தெரிந்தே, ஒரு முடியைத் தேடிப் பிடித்துப் பிடுங்குவார்கள். பிடுங்கியதும் ஒரு நிமிடம் நிம்மதி. பிறகு வெட்கம். சிலர் பிடுங்கிய முடியை விழுங்கியும் விடுவார்கள். அது வயிற்றில் பந்தாகத் திரண்டு அறுவை சிகிச்சை வரை கொண்டு போவதுண்டு.

பலர் இதைப் புழுவெட்டு என்று நினைத்துவிடுகிறார்கள். புழுவெட்டில் முடி தானாக உதிர்ந்து, அந்த இடம் வழுவழுப்பாக இருக்கும். பிடுங்கிய இடத்தில் குட்டையும் நெட்டையுமாக அறுந்த முடிகள் நிற்கும். டாக்டர் உற்றுப் பார்த்தால் பெரும்பாலும் வித்தியாசம் தெரிந்துவிடும்.

நான் ஏன் எழுதுகிறேன்?

எனக்கு எட்டாம் வகுப்பிலிருந்து இது இருக்கிறது. வகிடுக்கு இடதுபுறம் ஒரு ரூபாய் அளவில் தொடங்கியது. வீட்டில் புழுவெட்டு என்று சின்ன வெங்காயத்தை வைத்துத் தேய்த்தார்கள். ஆச்சி நேர்ந்துகொண்டு மொட்டை போட்டார்கள். பிறகு ஒரு தனியார் கிளினிக்கில் ஆறு மாதம் களிம்பு வாங்கினோம். அம்மா பீடி சுற்றிச் சேர்த்த பணம் அதில் போயிற்று. ‘நீயே பிடுங்குறியாம்மா?’ என்று அங்கே யாரும் கேட்கவில்லை. அந்தக் கேள்வியை முதலில் கேட்டது அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவில் இருந்த ஒரு டாக்டர் அம்மா. ஓ.பி. சீட்டின் பின்பக்கத்தில் நோயின் பெயரை எழுதிக் கொடுத்தார். அதை வைத்துத்தான் நான் படிக்க ஆரம்பித்தேன். படிக்கப் படிக்க ‘கிளினிக்கல் ட்ரையல்’ என்ற சொல் திரும்பத் திரும்ப வந்தது. அதாவது மருந்துச் சோதனை. அதில் சேர்ந்தால் குணமாகிவிடுமோ என்ற ஆசையும், நம்மை எலி ஆக்கிவிடுவார்களோ என்ற பயமும் ஒன்றாகவே வந்தன. இரண்டும் பாதிதான் சரி என்று இப்போது தெரிகிறது.

இப்போது இருக்கும் சிகிச்சை

முதலில் நல்ல செய்தி. இதற்கு மருந்தில்லாத சிகிச்சை ஒன்று இருக்கிறது. 1973-இல் அஸ்ரின், நன் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் ‘பழக்கத்தை மாற்றும் பயிற்சி’ ஒன்றை வகுத்தார்கள். எப்போது, எங்கே, எந்த விரல் போகிறது என்று முதலில் கவனித்து எழுத வேண்டும். கை மேலே போகும்போது அதற்குப் பதிலாக வேறொரு வேலை கொடுக்க வேண்டும். கையை இறுக்கி மூடுவது, எதையாவது பிடித்துக்கொள்வது, இப்படி ஏதாவது ஒன்று. ‘ஏட்டி, கைய சும்மா வைக்க மாட்டியா? இந்தா, இலைய வெட்டு’ என்று அம்மா கத்தரியையும் பீடி இலையையும் நீட்டுவார். அம்மாவுக்கு அஸ்ரினைத் தெரியாது. ஆனால் விஷயம் தெரிந்திருக்கிறது!

மருந்தின் கதை வேறு. இந்த நோய்க்கென்று அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை அங்கீகரித்த மருந்து ஒன்றுகூடக் கிடையாது. வேறு நோய்களுக்கான மருந்துகளைத்தான் டாக்டர்கள் பார்த்துக் கொடுக்கிறார்கள். எது வேலை செய்கிறது என்று எப்படித் தெரியும்? சோதித்துத்தான் தெரியும்.

சோதனை என்றால் என்ன?

நம் லேபிலிருந்தே சொல்கிறேன். ஆம்ப்ளிஃபயரில் கெய்ன் குறைவாக வருகிறது. ஒரு ரெசிஸ்டரை மாற்றுகிறீர்கள். அதே சமயம் சப்ளை வோல்டேஜையும் கூட்டிவிடுகிறீர்கள். கெய்ன் ஏறிவிட்டது. எதனால் ஏறியது? பிரம்மாவாலும் சொல்ல முடியாது. ஒன்றை மட்டும் மாற்றி, மற்றதை அப்படியே வைத்திருந்தால்தான் சொல்ல முடியும்.

நோயிலும் அப்படித்தான். முடி பிடுங்குவது சில மாதம் கூடும், சில மாதம் குறையும். பரீட்சை முடிந்தால் குறையலாம். டாக்டர் அன்பாக நாலு வார்த்தை பேசினாலே குறையலாம். அந்த நேரத்தில் ஒரு மாத்திரை தின்றிருந்தால் மாத்திரைக்குப் பேர் போய்விடும். ஆகவே சேருகிறவர்களை இரண்டு பிரிவாகப் பிரிக்கிறார்கள். ஒரு பிரிவுக்கு மருந்து. மற்றொரு பிரிவுக்குப் பார்க்க அதே மாதிரி இருக்கும் வெறும் மாத்திரை. யார் எந்தப் பிரிவு என்பதைச் சீட்டுக் குலுக்குவது போலத் தற்செயலாகத்தான் முடிவு செய்வார்கள். டாக்டர் இஷ்டத்துக்குப் பிரித்தால், தேறும் என்று தோன்றுபவர்களை எல்லாம் மருந்துப் பக்கம் தள்ளிவிடலாம் அல்லவா?

அடுத்தது, யாருக்கு எது என்று நோயாளிக்கும் தெரியாது, கவனிக்கும் டாக்டருக்கும் தெரியாது. இதை ‘இரட்டை மறைப்பு’ என்கிறார்கள். இது எதற்கு என்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கிராஃப் நேர்கோடாக வர வேண்டும் என்று தெரிந்தால் போதும், சிலர் கையில் ரீடிங் தானாகவே நேர்கோட்டுக்கு வந்து நின்றுவிடும்! (யார் என்று சொல்ல மாட்டேன். லேப் அட்டெண்டர் அண்ணனுக்குத் தெரியும்.) எதிர்பார்ப்பு ரீடிங்கைக் கெடுக்கும்.

இங்கே மீட்டருக்குப் பதில் கேள்வித்தாள். பாஸ்டனின் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனை பெயரால் 1995-இல் வந்த அளவுகோலில் 7 கேள்விகள். பிடுங்கும் உந்துதல் எத்தனை முறை வந்தது, எவ்வளவு பலமாக வந்தது, எவ்வளவு கட்டுப்படுத்த முடிந்தது என்பது போல. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை, மொத்தம் 28.

மூன்று சோதனைகள், மூன்று பாடங்கள்

முதல் சோதனை 2009-இல் வெளியானது. அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஜான் கிராண்ட் என்ற டாக்டரின் குழு நடத்தியது. மருந்து என்-அசிட்டைல்சிஸ்டீன். சளியை இளக்கவும், பாராசிட்டமால் அளவு மீறித் தின்றவர்களைக் காப்பாற்றவும் கொடுக்கும் பழைய மருந்துதான். பெரியவர்கள் 50 பேர், 12 வாரம். மருந்துப் பிரிவில் 56 சதவீதம் பேருக்கு நல்ல முன்னேற்றம். வெறும் மாத்திரைப் பிரிவில் 16 சதவீதம். பாடம்: வெறும் மாத்திரையிலும் ஆறில் ஒருவருக்குத் தேவலை என்று ஆனது. ஒப்பிட ஒரு பிரிவு இல்லாவிட்டால் இதுவும் மருந்தின் கணக்கில் ஏறியிருக்கும்.

இரண்டாவது 2013-இல் வெளியானது. யேல் பல்கலைக்கழகத்தில் அதே மருந்தை 8 முதல் 17 வயது வரையான 39 பேருக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். அதே 12 வாரம். மருந்துக்கும் வெறும் மாத்திரைக்கும் வித்தியாசமே தெரியவில்லை! பாடம்: பெரியவர்களுக்குப் பலித்தது பிள்ளைகளுக்கும் பலிக்கும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. 2009 முடிவை மட்டும் படித்துவிட்டு எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு மருந்து வாங்கும் ஓர் அம்மாவை நினைத்துப் பாருங்கள். ‘பலன் தெரியவில்லை’ என்ற பதிலைக் கண்டுபிடித்துக் கொடுத்தவர்கள் அந்த 39 பிள்ளைகள். அவர்களில் பலருக்கு அதனால் ஒன்றும் கிடைக்கவில்லை. மற்ற பிள்ளைகளுக்குக் கிடைத்தது.

மூன்றாவது 2023-இல் வெளியானது. சிகாகோ பல்கலைக்கழகத்தில் அதே ஜான் கிராண்ட் குழு. மெமான்டின் என்ற, அல்சைமர் மறதி நோய்க்கான மருந்து. முடி பிடுங்குபவர்களும் தோலைக் கிள்ளிக்கொள்பவர்களுமாக 100 பேர், 8 வாரம். மருந்துப் பிரிவில் சுமார் 60 சதவீதம் பேர் நன்கு தேறினார்கள். வெறும் மாத்திரையில் சுமார் 8 சதவீதம். நல்ல முடிவுதான். ஆனாலும் 8 வாரம் என்பது 8 வாரம்தான். ஒரு வருடம் கழித்து என்ன ஆகும் என்ற கேள்விக்கு 8 வாரச் சோதனை பதில் சொல்லாது. எனவே இதைப் படித்துவிட்டு யாரும் மெடிக்கல் ஷாப்புக்கு ஓட வேண்டாம்.

சிகிச்சை வேறு, சோதனை வேறு

இந்தக் கட்டுரையில் ஒரு வரியை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்வதானால் இதை வைத்துக்கொள்ளுங்கள். சிகிச்சையில் டாக்டர் உங்களுக்கு எது நல்லது என்று பார்த்து மருந்தை மாற்றுவார், அளவைக் கூட்டுவார், குறைப்பார். சோதனையில் எல்லாம் முன்கூட்டியே எழுதி வைத்த திட்டப்படி நடக்கும். அதன் நோக்கம் ஒரு கேள்விக்குப் பதில் கண்டுபிடிப்பது. அந்தப் பதில் நாளை ஆயிரம் பேருக்கு உதவும். உங்களுக்கு உதவலாம், உதவாமலும் போகலாம். ‘சேர்ந்தால் குணமாகிவிடும்’ என்று யாராவது சொன்னால் அவர் சோதனையைப் பற்றிப் பேசவில்லை, வியாபாரம் பேசுகிறார்.

அதற்காகச் சேரவே கூடாது என்றும் சொல்ல மாட்டேன். நம் சென்னையிலேயே உதாரணம் இருக்கிறது. 1956-இல் சேத்துப்பட்டில் காசநோய் ஆராய்ச்சி மையம் தொடங்கப்பட்டது. காசநோயாளியைச் சானடோரியத்தில்தான் வைக்க வேண்டும் என்று உலகமே நம்பிய காலம் அது. சென்னையின் நெருக்கமான குடியிருப்புகளில் வாழ்ந்த ஏழை நோயாளிகள் ஆய்வில் சேர்ந்தார்கள். பாதிப் பேர் சானடோரியத்தில், பாதிப் பேர் வீட்டில். இருவருக்கும் ஒரே மருந்து. வீட்டில் இருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவு தேறினார்கள் என்று 1959-இல் அறிக்கை வந்தது. அதன் பிறகு உலகமே காசநோய்க்கு வீட்டிலிருந்தே மருந்து சாப்பிடலாம் என்ற வழிக்கு வந்தது. அந்த நோயாளிகளின் பெயர் நமக்குத் தெரியாது. ஆனால் அவர்கள் சேர்ந்ததால் இன்று எத்தனையோ பேர் தங்கள் வீட்டில் படுத்துத் தூங்குகிறார்கள்.

மறுபக்கமும் உண்டு. அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் டஸ்கீகீ என்ற ஊரில் 1932 முதல் 1972 வரை, மேக நோய் உள்ள கறுப்பின ஏழை ஆண்களை அரசு சுகாதாரத் துறையே ‘ஆய்வு’ செய்தது. பென்சிலின் என்ற மருந்து கைக்கு வந்த பிறகும் அவர்களுக்குக் கொடுக்கவில்லை, உண்மையையும் சொல்லவில்லை. இன்றைய விதிகள் எல்லாம் இம்மாதிரிக் கொடுமைகளுக்குப் பிறகு வந்தவை. சும்மா வரவில்லை.

கையெழுத்து

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் தாண்டிப் படிக்கும் முதல் ஆள் நான்தான். அப்பா ஒரு கடன் தாளில், என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமல் கைநாட்டு வைத்தார். அது எங்கள் வீட்டை நாலு வருடம் அலைக்கழித்தது. அதனால் அம்மா எனக்குச் சொல்லும் ஒரே புத்தி, ‘எதுலயும் கையெழுத்துப் போட்டுராத.’ அம்மாவின் பயம் நியாயமானது. ஆனால் நான் அதைக் கொஞ்சம் மாற்றிக்கொண்டிருக்கிறேன்: படிக்காமல் எதிலும் கையெழுத்துப் போடாதே. படித்து, கேட்டு, புரிந்த பிறகு போடுவதா வேண்டாமா என்பது நம் உரிமை. இந்த வருடம் எனக்கு 18 முடிந்தது. சட்டப்படி இனி எனக்காக நானே ஒப்புதல் கொடுக்கலாம். பத்தாவது முடித்து வந்த முதலாண்டுத் தம்பி தங்கைகளுக்குப் பெற்றோரின் ஒப்புதலோடு அவர்களுடைய சம்மதமும் வேண்டும். பெற்றோர் சரி என்றாலும் பிள்ளை மாட்டேன் என்று சொல்லலாம்.

நம் நாட்டில் 2019-ஆம் ஆண்டின் புதிய மருந்துகள் மற்றும் மருந்துச் சோதனை விதிகள் நடைமுறையில் உள்ளன. முக்கியமானவை இவை:

1. சோதனை பற்றிய விவரத்தாள் உங்களுக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும். படிக்கத் தெரியாதவர் என்றால் சோதனைக்குத் தொடர்பில்லாத ஒரு சாட்சி முன்னிலையில் வாசித்துச் சொல்ல வேண்டும்.

2. எப்போது வேண்டுமானாலும், காரணம் சொல்லாமலும், விலகிக்கொள்ளலாம். விலகியதால் உங்களுக்கு வழக்கமாகக் கிடைக்கும் சிகிச்சை நிற்கக் கூடாது.

3. சோதனையால் உடலுக்குக் கேடு வந்தால் இலவச மருத்துவமும் நஷ்ட ஈடும் உண்டு.

4. நெறிமுறைக் குழுவின் அனுமதி இல்லாமல் சோதனை நடத்தக் கூடாது. அந்தக் குழுவில் டாக்டர்கள் மட்டும் அல்ல, சட்டம் தெரிந்தவரும் பொதுமக்களில் ஒருவரும் இருக்க வேண்டும்.

5. மருந்துச் சோதனை இந்திய மருத்துவச் சோதனைப் பதிவேட்டில் பதிவாகியிருக்க வேண்டும். 2007-இல் தொடங்கிய இந்தப் பதிவேடு, 2009 ஜூன் முதல் கட்டாயமாக்கப்பட்டது. கம்ப்யூட்டரில் யாரும் காசில்லாமல் தேடிப் பார்க்கலாம். நோயின் ஆங்கிலப் பெயரை அடித்தால் போதும்.

சேரும் முன் கேட்க வேண்டியவை

சேர விரும்புகிறவரை முதலில் பரிசோதிப்பார்கள். நோய் உறுதியா, வேறு என்ன மருந்து சாப்பிடுகிறார், வேறு நோய் உண்டா என்று பார்ப்பார்கள். பெண்களுக்கு, திருமணம் ஆகாதவர்களுக்கும்கூட, கர்ப்பப் பரிசோதனை இருக்கலாம். அது சந்தேகத்தால் அல்ல. மருந்து கருவைப் பாதிக்கக் கூடாது என்பதற்கான விதிமுறை. ‘நீங்கள் பொருந்தவில்லை’ என்று திருப்பி அனுப்பினாலும் வருத்தப்பட வேண்டாம். அது உங்கள் பாதுகாப்புக்காகவும் இருக்கலாம்.

நாம் கேட்க வேண்டிய கேள்விகள் இவை. ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். கேட்டால் கோபப்படுகிற இடத்தில் சேர வேண்டாம்.

1. இது மருந்துச் சோதனையா, பயிற்சிச் சோதனையா? எத்தனை வாரம், எத்தனை முறை வர வேண்டும்? (வகுப்பு நாளும் செமஸ்டரும் போகாதா?)

2. வெறும் மாத்திரை கிடைக்க எவ்வளவு வாய்ப்பு? அப்படியானால் சோதனை முடிந்ததும் எனக்கு உண்மையான மருந்து கிடைக்குமா?

3. இதுவரை தெரிந்த பக்க விளைவுகள் என்ன? நடு ராத்திரியில் உடம்புக்கு ஏதாவது என்றால் யாரைக் கூப்பிடுவது?

4. இப்போது எடுக்கும் சிகிச்சையை நிறுத்த வேண்டுமா?

5. என் தலையைப் போட்டோ எடுப்பார்களா? எடுத்தால் முகம் தெரியுமா, யார் யார் பார்ப்பார்கள்?

6. பயணச் செலவு தருவார்களா? என்னிடம் ஏதாவது கட்டணம் கேட்பார்களா? (சோதனை மருந்துக்கு உங்களிடம் பணம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.)

7. முடிவை எனக்குச் சொல்வீர்களா?

இன்னொரு விஷயம். நோய் இல்லாத ஆரோக்கியமானவர்கள் பணத்துக்காக மருந்துச் சோதனையில் சேர்வதும் உண்டு. ஹாஸ்டல் ஃபீஸ் கட்ட வேண்டிய நேரத்தில் ‘ரெண்டு நாள் படுத்திருந்தா போதும், பணம் வரும்’ என்று யாராவது சொன்னால் ஆசை வரும். பணம்தான் ஒரே காரணம் என்றால் ஒரு ராத்திரி தள்ளிப் போட்டு யோசியுங்கள். சொல்வது உங்களுக்கு மேலே இருக்கும் ஒருவர் என்றாலும் ‘வேண்டாம் சார்’ என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு.

முடிவாக

இந்த நோய்க்கான பெரும்பாலான சோதனைகள் இதுவரை அமெரிக்காவில்தான் நடந்திருக்கின்றன. 50 பேர், 39 பேர், 100 பேர் என்று சிறிய கூட்டம்தான். காரணம், இந்த நோய் உள்ளவர்கள் தொப்பியிலும் துப்பட்டாவிலும் மறைந்துகொள்கிறார்கள். வெளியே வராதவரைப் பற்றி ஆராய்ச்சி எப்படி வளரும்? நம் பக்கத்தில் ஒரு சோதனை நடந்தால் நான் சேருவேனா என்று கேட்டால், மேலே உள்ள ஏழு கேள்விகளுக்கும் நேரான பதில் கிடைத்தால் சேருவேன். வெறும் மாத்திரை கிடைத்தாலும் சரி. அதுவரை சும்மா உட்கார்ந்திருக்கவில்லை. பழக்கத்தை மாற்றும் பயிற்சியைச் செய்துகொண்டிருக்கிறேன். சில வாரம் நன்றாகப் போகிறது, சில வாரம் இல்லை.

உங்களில் யாருக்காவது இது இருந்தால், சோதனைக்குக் காத்திருக்காதீர்கள். முதலில் அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்குப் போங்கள். போகத் தயக்கமாக இருந்தால் 14416 என்ற இலவச எண்ணில் தமிழிலேயே பேசலாம். பக்கத்து பெஞ்சில் யாருக்காவது இருப்பது தெரிந்தால் ‘மொட்டை’, ‘சொட்டை’ என்று பட்டப்பெயர் வைக்காதீர்கள். இந்தப் பக்கத்தை மடித்துக் கையில் கொடுங்கள். அது போதும்.